நம்மில் ஒருத்தியின் தாய்

எங்கள் மடத்தில் சாவுச் செய்தியைச் சாப்பாட்டு அறையில்தான் சொல்வார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்திய செபம் முடிந்து, நாங்கள் பெஞ்சுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது மதர் சொல்வார்: "நம்மில் ஒருத்தியின் தாய் இறந்துபோனாள். அவள் ஆத்துமாவுக்காக மன்றாடுவோம்." அவ்வளவுதான். யாருடைய தாய் என்று சொல்ல மாட்டார். நாங்களும் கேட்கக் கூடாது.

சபையை ஆரம்பித்த பிரெஞ்சு அம்மாள் வைத்த வழக்கம் இது. வீட்டை விட்டு வந்தவளுக்குத் தனியாக ஒரு தாய் கிடையாது, ஒருத்தியின் தாய் எல்லோருக்கும் தாய், துக்கமும் எல்லோருக்கும் சமம் என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணம்தான். அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு தட்டில் இருக்கிற சோறு எப்படித் தொண்டையில் இறங்கும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. வீட்டிலிருந்து வரும் கடிதங்களை மதர் முதலில் படிப்பார். சாவுச் செய்தி இருந்தால் கடிதம் அவருடைய பெட்டிக்குள் போய்விடும். வருஷத்துக்கு ஒரு நாள் வீட்டு மனிதர்கள் பார்க்க வரலாம். தூரத்து ஊர்க்காரிகளுக்கு அதுவும் வாய்க்காது.

நான் சொல்லப் போவது 1932-ஆம் வருஷம், ஈஸ்டருக்கு முந்திய தவசு காலத்தில் நடந்தது. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஞானஸ்நானப் பெயர் பிரிஜெட். மடத்தில் கொடுத்த பெயர் ரெமிஜியஸ். ஆண் புனிதர்களின் பெயரைப் பெண்களுக்கு வைப்பதில் எங்கள் சபைக்கு ஒரு தனி ஆசை. கதவு காக்கிற சிஸ்டர் பெயர் சில்வெஸ்டர். சமையற்கட்டில் இருந்தவர் ஆம்ப்ரோஸ். வெளியே யாராவது எங்கள் பெயர்களை மட்டும் கேட்டால் ஏதோ ரயில்வே ஆபீஸ் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிரேசர் டவுனைத் தாண்டி, அப்போது ராகிக் கொல்லையாக இருந்த பக்கத்தில் எங்கள் மடம். கேட்பாரற்ற கிழவர்களையும் கிழவிகளையும் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. அறுபது பேர் இருந்தார்கள். எனக்குக் கிழவிகள் பக்கம். குளிப்பாட்டுவேன், புண்ணைக் கழுவிக் கட்டுவேன், ஊட்டுவேன். செத்தால் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, துணி மாற்றி அனுப்புவேன். பதினான்கு வருஷத்தில் அப்படி இருநூறு பேரையாவது அனுப்பியிருப்பேன். முதல் பத்துப் பேருக்கு அழுதேன். பிறகு அழுகை நின்றுவிட்டது. நான் அதை நிறுத்தவில்லை, அதுவாகவே நின்றது. புதிதாக வருகிற சிஸ்டர்கள் என்னைப் பார்த்து, எவ்வளவு தைரியம் என்பார்கள். தைரியமாவது ஒன்றாவது. மரத்துப்போன காலைக் கிள்ளினால் எப்படியோ அப்படி இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஒருசந்தி, ஒரே வேளை சாப்பாட்டு நாள். ரசமும் சோறும் கொத்தவரங்காயும். மதர் செய்தியைச் சொன்னார். ஒரு மணிநேரத்துக்கு முன்னால்தான் தந்திக்காரன் வந்து போனதை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருந்தேன். நாங்கள் மொத்தம் பத்துப் பேர். அதில் நான்கு பேருக்கு அம்மா ஏற்கெனவே இல்லை. அந்த நான்கு பேரும் நிம்மதியாக உட்கார்ந்தார்கள். மற்ற ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தட்டைப் பார்த்தோம்.

ஆறு பேரில் நானும் ஒருத்தி. என் அம்மா செசிலியம்மாள் ஜோகுபாளையத்தில், போஸ்டாபீஸில் வேலை பார்க்கிற என் அண்ணன் ஓஸ்வால்டோடு இருந்தாள். மடத்திலிருந்து நடந்தே போய்விடுகிற தூரம். ஆனால் பதினான்கு வருஷமாக அவள் என்னைப் பார்க்க வரவில்லை. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையில் இரண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் நான் மடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நின்று கத்தியபோது அம்மா ஒருத்தியாகத்தான் நின்று பதில் சொன்னாளாம். அதை அவள் மன்னிக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ரசம் சோற்றைப் பிசைந்தபடி எனக்குள் பார்த்தேன். அம்மாதான் போய்விட்டாள் என்று வைத்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. அவள் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். அதுவும் சரியாக வரவில்லை. கொத்தவரங்காயில் நார் எடுக்கவில்லை, ஆம்ப்ரோஸிடம் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது. தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டேன்.

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பவுலின் ஒரு வாய்கூட வைக்கவில்லை. இருபத்து மூன்று வயசுப் பெண். கோலார் தங்கவயலிலிருந்து வந்தவள். அப்பா சுரங்கத்தில் செத்துப்போய்விட்டார். நெஞ்சு நோவோடு படுத்திருக்கிற அம்மா மட்டும்தான். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எப்போதாவது யாரையாவது பிடித்து நாலு வரி எழுதச் சொல்வாள். அந்த நாலு வரியை வைத்து இவள் ஆறு மாசம் ஓட்டுவாள்.

திங்கட்கிழமை நாங்கள் இரண்டு பேரும் கிழவிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிந்துகொண்டிருந்தோம். ஒரு முனை அவளிடம், ஒரு முனை என்னிடம்.

"சிஸ்டர், உங்களுக்கு பயமா இல்லையா?"

"எதுக்கு?"

"உங்கம்மாவா இருந்துட்டா?"

"இருந்தா இருக்கட்டும். மோட்சத்துக்குத்தானே போறாங்க. முறுக்கு, தண்ணி இன்னும் சொட்டுது பாரு."

அவள் முறுக்கவில்லை. என்னைப் பார்த்து இரண்டடி பின்னால் போனாள். எனக்கே என் பதில் பிடிக்கவில்லை.

புதன்கிழமை பவுலின் வார்டில் பீங்கான் சட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது மயங்கி விழுந்தாள். ஆறு நாளாகத் தண்ணீரும் கொஞ்சம் கஞ்சியும்தான். மதர் வைத்தியரை வரவழைத்தார். வைத்தியர் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அம்மா உயிரோடு இருக்கிறாள் என்ற ஒரு வார்த்தைதான் அவளுக்கு வேண்டிய மருந்து. இல்லாவிட்டால், செத்துவிட்டாள் என்ற வார்த்தை. இரண்டில் எதுவானாலும் அந்தப் பெண் அழுது முடித்துச் சாப்பிட்டிருப்பாள். மதருக்கு எது என்று தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்க மாட்டார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை நினைத்தால், மரத்துப்போன ஆளுக்கு அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் புரியவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை வண்டி போகிற நாள். வாரத்தில் இரண்டு நாள் இரண்டு சிஸ்டர்கள் ஒற்றை மாட்டு வண்டியில் மார்க்கெட்டுக்கும் கடைத்தெருவுக்கும் போய், வியாபாரிகள் கொடுப்பதை வாங்கி வருவோம். வாடின கீரை, உடைந்த பூசணி, நேற்றைய ரொட்டி, அரிசி நொய். அதில்தான் அறுபது பேர் சாப்பிட வேண்டும். அன்றைக்கு என்னுடைய முறை. காற்றாடப் போய்வந்தால் நல்லது என்று மதர் பவுலினையும் என்னோடு அனுப்பினார். வண்டி ஓட்டியவர் மைக்கேல்ராஜ். எங்கள் மடத்தில் பத்து வருஷமாக இருக்கிறவர்.

ரஸல் மார்க்கெட்டில் சுற்றிவிட்டு அல்சூர் கடைத்தெருவுக்கு வந்தோம். அங்கே முடிந்ததும் மடத்துக்குத் திரும்ப வேண்டும்.

"மைக்கேல்ராஜ், ஜோகுபாளையம் பக்கம் திருப்புங்க" என்றேன்.

"அந்தப் பக்கம் யாரும் குடுக்க மாட்டாங்களே சிஸ்டர்."

"இன்னிக்கு குடுப்பாங்க. திருப்புங்க."

பாசத்தில் போனேன் என்று சொன்னால் பொய். எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அம்மா செத்துப்போயிருந்து, அந்த வீட்டு வாசலில் நின்று அதைத் தெரிந்துகொண்டால், அப்போதாவது எனக்கு அழுகை வருமா? வராவிட்டால் நான் எதற்காக இந்தக் கிழவிகளின் வாயில் கஞ்சி ஊற்றுகிறேன்? அன்பினால் செய்கிற வேலை என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பதினான்கு வருஷமாக நான் செய்ததில் அன்பு இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகப் போனேன்.

சந்து முனையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பது சட்டம். "உனக்கு முடியல. நீ வண்டியிலேயே இரு" என்று பவுலினிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீடு எந்தப் பேட்டை என்று அவளுக்குத் தெரியும்.

ஓட்டு வீடு. வெளிக்கதவு திறந்திருந்தது. முற்றத்தில் ஒரு கிழவி உட்கார்ந்து கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. யாரோ வேலைக்கு வந்தவள் என்று நினைத்தேன். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். அம்மாதான்.

என் வெள்ளை உடுப்பைப் பார்த்ததும் அவள் முகம் கறுத்தது. கையில் தவிடோடு எழுந்தாள்.

"ஓஸ்வால்டுக்கு என்ன ஆச்சு? போஸ்டாபீஸ்ல ஏதாவதா? சொல்லு!"

"அண்ணனுக்கு ஒண்ணும் ஆகல. சும்மா வந்தேன்."

அப்போதுதான் நான் யார் என்று பார்த்தாள். கோழி ஒன்று அவள் கையிலிருந்து உதிர்ந்த தவிட்டைக் கொத்திக்கொண்டிருந்தது.

"பதினாலு வருசமா வராத சும்மா இன்னிக்கு எங்கேர்ந்து வந்துது?"

"இந்தப் பக்கமா வண்டி வந்துது."

"உள்ள வா."

"வரக் கூடாது."

"அப்ப எதுக்கு வந்தே? நான் உசிரோட இருக்கேனான்னு பார்க்கவா?"

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், ஒரு படி அரிசியை முறத்தில் கொண்டுவந்து என் பைக்குள் கொட்டினாள்.

"உங்க கிழவிங்களுக்கு. உனக்கில்ல. நீ நல்லாத்தான் இருக்கே." பையின் வாயைக் கட்டிக்கொடுத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "பார்க்க வர்ற நாள்னு ஒண்ணு வெச்சிருக்கீங்களாமே. எப்போ?"

"ஈஸ்டர் கழிச்சு ரெண்டாவது ஞாயித்துக்கெழம."

"சரி. வர்றேன்."

நான் சந்தில் திரும்பி நடந்தேன். அம்மா உயிரோடு இருக்கிறாள், பதினான்கு வருஷக் கோபத்தை ஒரு படி அரிசியில் முடித்துவிட்டாள், பார்க்க வருகிறேன் என்றும் சொல்லிவிட்டாள். வேறு எவளாக இருந்தாலும் அந்தச் சந்திலேயே முழங்காலில் விழுந்து நன்றி சொல்லியிருப்பாள். எனக்குப் பசித்தது. அதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

வண்டியில் பவுலின் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தை அவள் படித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தில் படிக்க என்ன இருக்கிறது? எப்போதும் இருக்கிற கல்தான். ஆனால் அன்றைக்கு அவள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

"உங்கம்மாவா, சிஸ்டர்?"

அவள் கண்ணில் ஒரு ஆசை இருந்தது. என் தாய் செத்திருக்க வேண்டும் என்கிற ஆசை. கெட்ட பெண் அல்ல, அந்த ஆசையை நினைத்து அவளே பின்னால் அழுதிருப்பாள். இல்லை என்று நான் சொன்னால் மீதி ஐந்து பேர். ஐந்து பேரில் நோயாளித் தாய் இவளுக்குத்தான். வண்டியிலேயே விழுந்துவிடுவாள் போலிருந்தது.

"ஆமா" என்றேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். மைக்கேல்ராஜ் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மாட்டை மெதுவாக நடத்தினார். மத்தியானம் பவுலின் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே என் தட்டைக் காலி செய்தேன்.

பேசக் கூடாது என்று சட்டம் இருந்தாலும் சாயந்தரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருத்தி தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். ஒருத்தி எனக்கு முன்னால் எழுந்து என் துணிகளைத் துவைத்துப் போட்டாள். ஆம்ப்ரோஸ் ஒரு வாரமாக உப்புப் போட மறந்துகொண்டிருந்தவர், அன்றைக்குச் சமையற்கட்டில் ஞானப்பாட்டுப் பாடினார். ஐந்து பேரின் முகத்திலும் ரத்தம் திரும்பி வந்தது. அதில் ஒருத்தியின் தாய் மண்ணுக்குள் இருந்தாள், அவளும் நிம்மதியாகத் தூங்கினாள். நான் சொன்ன பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமியார் ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை சொல்லச் சொன்னார், பொய்யைத் திருத்தவும் சொன்னார். முதலாவதைச் செய்தேன்.

மதர் சனிக்கிழமை கூப்பிட்டு அனுப்பினார். அவர் வெளிநாட்டிலிருந்து வந்து, புத்தகத்தில் தமிழ் படித்தவர்.

"நீர் தனியாக உமது வீட்டுக்குப் போனீர்."

"போனேன், மதர்."

"உமது தாய் இறந்ததாக அங்கே யார் உமக்குச் சொன்னார்கள்?"

தந்தியைப் படித்தவர் அவர். நான் சொன்னது பொய் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் "உன் தாய் சாகவில்லை" என்று அவர் சொல்லிவிட்டால், செத்தது மீதி ஐந்து பேரில் ஒருத்தியின் தாய் என்று சொன்னதாக ஆகிவிடும். அது சட்டத்துக்கு விரோதம். அவர் மேசைமேல் இருந்த மை போத்தலை இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார்.

"உமக்கு நிச்சயமா?"

"நிச்சயம், மதர்."

"சிஸ்டர் பவுலின் சாப்பிடுகிறாள்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தனியாக வீட்டுக்குப் போன குற்றத்துக்காக இனிமேல் எனக்கு வண்டி வேலை கிடையாது என்றார். எவ்வளவு நாளைக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. ஈஸ்டர் கழித்து இரண்டாவது ஞாயிறு அம்மா வரப் போகிறாள். அவளுக்குச் சொல்லி அனுப்ப வழியில்லை. கடிதம் எழுதினால் மதர் படிப்பார். மைக்கேல்ராஜிடம் சொல்லலாம் என்றால், அவர் என் அம்மாவுக்காகப் பூசையில் மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வந்து என்னிடம் சொல்லியும் விட்டார். ஈஸ்டரன்று எல்லோரும் பாடினோம். நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு பத்து மணிக்கு சில்வெஸ்டர் வார்டுக்கு வந்தார்.

"உன்னைப் பார்க்க ஒரு அம்மா வந்திருக்காங்க. அப்படியே உன் ஜாடை. சின்னம்மாவா?"

"ஆமா" என்றேன். இரண்டாவது ஆமா.

பார்வையாளர் அறையில் அம்மா சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஓரம் வைத்த வெள்ளைப் புடவை, கோயிலுக்குப் போகிற முக்காடு. மடியில் ஒரு தூக்குச் சட்டி. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதலில் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் பவுலின் ஓடி வந்தாள். சில்வெஸ்டர் சொல்லியிருப்பார். வந்தவள் அம்மாவின் முன்னால் மண்டியிட்டு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நீங்க தைரியமா இருங்க. உங்க அக்கா மோட்சத்துல இருப்பாங்க. நாங்க எல்லாரும் தெனமும் அவங்களுக்காக வேண்டிக்கிறோம்."

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அக்காவா?"

"சிஸ்டர் ரெமிஜியஸோட அம்மா. ரொம்ப நல்லவங்களாமே."

அம்மா முக்காட்டைச் சரிசெய்தாள்.

"ஆமாம்மா. நல்ல பொம்பளதான். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

பவுலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எங்கம்மாவுக்கும் அப்படித்தான்" என்றாள். அம்மாவின் கையை முத்தி செய்துவிட்டு எழுந்து போனாள். அவள் நன்றாகச் சதை போட்டிருந்தாள்.

அம்மா அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு மூடியதும் என் பக்கம் திரும்பினாள்.

"உசிரோட இருக்கறப்பவே எனக்குப் பூசை வெச்சிட்டியா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டு அறை வழக்கத்தையும், பவுலின் விழுந்ததையும், வண்டியில் அவள் கேட்டதையும். அம்மா குறுக்கே பேசவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

"அப்ப நெசமா செத்தது யாரு? அந்தப் பொண்ணோட அம்மாவா?"

"தெரியாது."

"நான் செத்துட்டேன்னு எத்தன பேர் அழுதாங்க?"

"எல்லாரும்."

"நீ?"

"எனக்கு வரலம்மா" என்றேன். "எதுக்குமே வர்றதில்ல."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தூக்கைத் திறந்து உள்ளே பார்த்தாள். முட்டைக் குழம்பு. மறுபடி மூடினாள்.

"கேளு" என்றாள். "நான் வெளிய கால் வெச்சதும் அந்தப் பொண்ணு மறுபடி வந்து உன்கிட்ட என்னப் பத்திப் பேசுவா. நீ சமாளிச்சுக்கோ. அடுத்த வருசம் நான் வரல. செத்துப்போன அக்கா மவள வருசா வருசம் பார்க்க வந்தா, யாராவது ஒருத்தி மோப்பம் புடிச்சிடுவா."

"அம்மா…"

"இரு. இன்னொண்ணு. நான் நெசமா செத்தா இங்க சொல்லி அனுப்ப வேணாம்னு ஓஸ்வால்டுகிட்ட சொல்லிடறேன். நீங்க சோத்து முன்னாடி நின்னுக்கிட்டு மறுபடி ஒரு தடவ யாரோட அம்மான்னு பார்க்கணுமா? அந்த அஞ்சு பொண்ணுங்க மறுபடி பட்டினி கெடக்கணுமா? எனக்கு ஒரு தடவ அழுதாச்சு. போதும்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. கோபமாக இருந்தால் எனக்குத் தெரியும். வீட்டில் அரிசி இத்தனை படி இருக்கிறது, இத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். தூக்கை என் கையில் கொடுத்து, "கிழவிங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, என் கன்னத்தைத் தொட்டாள். எழுந்து போனாள். வாசலில் சில்வெஸ்டரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தது கேட்டது.

வலித்தது. நெஞ்சில் அல்ல, தொண்டையில், முள் மாட்டினால் வலிக்கிற இடத்தில். அப்போதும் அழுகை வரவில்லை. முட்டைக் குழம்பை வார்டுக்குக் கொண்டுபோய், கண் தெரியாத ஒரு கிழவிக்குப் பிசைந்து ஊட்டினேன்.

இப்போது 1946. அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். அதற்குப் பிறகு வரவில்லை. ஓஸ்வால்டும் எழுதவில்லை, எழுத வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். அந்த மதர் போய் வேறு மதர் வந்தார். நான் வண்டி வேலை கேட்கவில்லை. ஜோகுபாளையத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்று பல தடவை நினைத்ததுண்டு. வீட்டில் அவள் இல்லை என்று தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்துவிட்டேன். கோலாரிலிருந்து பவுலினுக்கு நாலு வரிக் கடிதம் மறுபடி வந்ததா என்றும் எனக்குத் தெரியாது. அடுத்த வருஷமே அவளை மைசூர் மடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

இந்தப் பதினான்கு வருஷத்தில் சாப்பாட்டு அறையில் அந்தச் செய்தியை ஆறு தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் புதுப் பெண்களின் முகம் வெளுக்கும். பழையவர்கள் என்னைப் பார்ப்பார்கள். அவளுக்கு அந்தக் கவலை முடிந்துவிட்டது என்று கொஞ்சம் பொறாமையாகத்தான் பார்ப்பார்கள். நான் உட்கார்ந்து சாப்பிடுவேன். என் அம்மா செத்தாலும் அந்தச் செய்தி இங்கே வராது என்று எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

அம்மா இருந்தால் இந்த ஐப்பசியில் அவளுக்கு எழுபத்தாறு. காலையில் உயிரோடு இருக்கிறவர்களுக்காக வேண்டும்போது செசிலியம்மாள் என்று அவள் பெயரைச் சொல்கிறேன். சாயந்தரம் மரித்தவர்களுக்காக வேண்டும்போதும் அதே பெயரைச் சொல்கிறேன். சாயந்தரம் சொல்லும்போது மட்டும் சில நாள் குரல் அடைத்துக்கொள்கிறது. பக்கத்தில் இருக்கிறவர்கள் சளி என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறார்கள்.